உதவி செய்துகொண்டே இருந்தால்தான் நட்பு நிலைக்குமா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 34. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் உதவி என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வரும் ஆள் நான்தான். யாராவது வீடு மாறினால் பெட்டி கட்டப் போவேன். ராத்திரி பதினோரு மணிக்கு பயோடேட்டாவை அனுப்பி, "கொஞ்சம் திருத்திக் குடுடீ" என்றால் விடிவதற்குள் முடித்து அனுப்பிவிடுவேன். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இதையெல்லாம் நிறுத்திவிட்டால் இவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

சமீபத்தில் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில், "என்னோட ஃப்ரெண்ட்ஷிப் சும்மா கிடைக்காது, சம்பாதிக்கணும்" என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அது மண்டைக்குள் சுற்றுகிறது. இத்தனை வருடமாக நான் செய்வது அதைத்தானே?

இன்னொன்று. போன மாதம் கால் சுளுக்கி வீட்டில் கிடந்தேன். உடன் வேலை பார்க்கும் பெண் (அவ்வளவு நெருக்கமெல்லாம் இல்லை) நான் கேட்காமலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் உட்காருவதற்குள் பில்லைப் பார்த்து, சில்லறை வரை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஒரு மாதம் நானாக யாரையும் அழைக்காமல் இருந்து, யார் தேடி வருகிறார்கள் என்று பார்க்கலாமா? நட்பைச் சம்பாதித்துத்தான் ஆக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னதைவிட அந்த மாத்திரை பில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பெண் வந்தது உங்களைப் பார்க்க. நீங்கள் அதைக் கொடுக்கல் வாங்கலாக்கி, நின்ற இடத்திலேயே கணக்கையும் தீர்த்துவிட்டீர்கள். உங்களுக்கு அது நாணயம். அவளுக்கு அது, "இதற்கு மேல் நெருங்காதே" என்று கேட்டிருக்கும். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. செய்த உதவிக்கு உடனே கைமாறு வந்தால், வெறும் கொடுக்கல் வாங்கலை எதிர்பார்ப்பவருக்குப் பிடிக்கிறது. நெருங்கிப் பழக நினைத்தவருக்கோ எதிரில் இருப்பவர் மேல் இருந்த பிடிப்பு குறைந்துவிடுகிறது.

1984-இல் கிளார்க் இன்னொன்று செய்து பார்த்தார். இரண்டிரண்டு பேராக, ஒரு தாளில் இருக்கும் எண்வரிசைகளைத் தேடி வட்டமிட வேண்டும். கிடைக்கும் பரிசை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அருகில் இரண்டு நிறப் பேனாக்கள். முன்பின் தெரியாதவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் எடுத்த நிறத்தை விட்டுவிட்டு வேறு நிறத்தை எடுத்தார்கள். யார் எத்தனை கண்டுபிடித்தார்கள் என்று பிறகு தெரிய வேண்டுமே! நண்பர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் நண்பர்களோடு உட்காரும்போதும் வேறு நிறப் பேனாவைத்தான் எடுக்கிறீர்கள். உங்கள் பக்கம் எப்போதும் கூடுதலாக இருந்தால் யாரும் விட்டுப் போக மாட்டார்கள் என்ற கணக்கு அது. போக மாட்டார்கள்தான். கிட்டே வரவும் மாட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் போய், "அன்னைக்கு நீ வந்தது ஆறுதலா இருந்துச்சு, நான்தான் பதறிட்டேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

இப்போது உங்கள் கேள்வி. சம்பாதிக்க வேண்டியது ஒன்று உண்டு, அது நம்பிக்கை. நம் ரகசியத்தையோ வீட்டுச் சாவியையோ பழகிய மறுநாளே யாரிடமும் கொடுப்பதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா, நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார் என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் ஒருவரை நமக்குப் பிடித்துப்போவது கூலி மாதிரி வருவதில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்தைவிட, சும்மா அரட்டை அடித்து, விளையாடி, ஊர் சுற்றிய நேரம்தான் அதில் கைகொடுக்கிறது. நீங்கள் இவர்களோடு இருந்த நேரத்தில் எவ்வளவு பெட்டி கட்டுவதிலும் திருத்திக் கொடுப்பதிலும் போயிருக்கும்?

தோழி சொன்னது முன்பு அடிபட்டவர் போட்டுக்கொள்ளும் வேலியாகவும் இருக்கலாம், வெறும் பந்தாவாகவும் இருக்கலாம். அந்த விதி அவளுக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். உங்களுக்காக அவள் எப்போதாவது மெனக்கெட்டாளா? எப்போதும் கேள்வித்தாள் அவள் கையில், பதில் எழுதுவது நீங்கள் என்றால், அந்தப் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

ஒரு மாத மௌனம் வேண்டாம். பரீட்சை நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தி நீங்கள் வேலையில் மூழ்கியிருப்பதாக நினைப்பாள், இன்னொருத்தி கோபமோ என்று ஒதுங்கிப் போவாள். நீங்களோ எல்லாவற்றையும் "பார்த்தாயா, நான் நினைத்தது சரி" என்றே எழுதிக்கொள்வீர்கள்.

அதற்குப் பதிலாக வாயைத் திறந்து கேளுங்கள். உங்களுக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை உள்ள ஒருவரிடம் சின்ன உதவி: துணைக்கு வா, இந்த மெயிலைப் படித்துப் பார், அரை மணி நேரம் என் பேச்சைக் கேள். செய்தால் "தேங்க்ஸ்" சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உடனே பதிலுக்கு எதையாவது செய்யக் கை பரபரக்கும், சும்மா இருங்கள். அப்புறம், அடுத்த தடவை பதினோரு மணிக்கு பயோடேட்டா வந்தால், "இன்னைக்கு முடியாது, சனிக்கிழமை பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். நீளமாகக் காரணம் சொல்லத் தேவையில்லை. முணுமுணுத்துவிட்டு சனிக்கிழமைவரை காத்திருப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஓரிருவர் கழன்றுகொள்ளவும் செய்யலாம். அது வலிக்கும். ஆனால் அவர்கள் உங்களை ஏமாற்றினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். உங்களுக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள், நீங்கள் ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லையே!

உபயோகமாக இருந்தால்தான் நமக்கு இடம் உண்டு என்ற எண்ணம் பெரும்பாலும் சின்ன வயதிலேயே விழுந்துவிடும். "முடியாது" என்று சொன்ன ராத்திரி தூக்கமே வராமல் நெஞ்சு படபடத்தால், அல்லது அடுத்த நாளே ஓடிப்போய் சமாதானம் செய்யத் தோன்றிக்கொண்டே இருந்தால், நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது, மாத்திரை பில்லைக் கையில் வாங்கியபோது மனதில் என்ன ஓடியது என்று நினைவுக்கு வந்தவரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சைத் தொடங்க உதவும்.