கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை வைத்திருக்கிறோம். காலை, மாலை இரு வேளையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும், மதியம் ஒரு மணிக்கெல்லாம் இலைகள் துவண்டு தொங்கிவிடுகின்றன. மதியமும் ஒரு முறை ஊற்றலாமா? தக்காளி பூத்தும் காய் பிடிக்கவில்லை.
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: மதியத்தில் இலை துவள்வதை மட்டும் வைத்துச் செடிக்குத் தாகம் என்று முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில் இலை வழியாக நீர் வெளியேறும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் போதிய ஈரம் இருந்தாலும் இலை தளர்ந்துதான் போகும். வெயில் தாழ்ந்த பிறகு, மாலை ஆறரை மணி அளவில், அதே செடியைப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை; சொதசொதவென்று ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் இலையில் தெரியும் அறிகுறி ஒன்றுதான் என்பதால், அழுகும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றிச் சாகடிப்பது கோடையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

தண்ணீரின் அளவைவிட வேரின் சூட்டைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கருநிற பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அதிக நேரம் கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சுவரை ஒட்டித்தான் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் படர்ந்திருக்கின்றன. எனவே தொட்டிகளைச் சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மீதோ மரச்சட்டத்தின் மீதோ ஏற்றி வையுங்கள். தனித்தனியாக நிற்கும் தொட்டிகளை நெருக்கி, பெரியவற்றை மேற்கு ஓரத்திலும் சிறியவற்றை அவற்றின் நிழலிலும் நிறுத்துங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த சருகு, கரும்புச் சக்கை, தேங்காய் நார் என்று கிடைப்பதை மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி இருக்கட்டும். கீரைக்கும் இளஞ்செடிகளுக்கும் ஐம்பது சதவீத நிழல்வலை போதும்.

காலை ஏழு மணிக்கு முன் ஊற்றும் தண்ணீரே முதன்மையானது. தொட்டியின் அடித்துளையில் நீர் கசியும்வரை நிதானமாக ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி, செடி வளர்க்கும் பையின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கு வழியாக நேராகக் கீழே ஓடிவிடும், நடுவில் இருக்கும் வேர் நனையாது. அப்படிப்பட்ட பையைத் தண்ணீர் நிரப்பிய அகன்ற தொட்டியில் அரைமணி நேரம் இறக்கி வைத்து ஊற விடுவதே வழி. வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை வாளியில் பிடித்து ஆற விட்ட பிறகே செடிக்கு ஊற்ற வேண்டும்.

எல்லா நாளும் ஒரே அளவு ஊற்றத் தேவையில்லை. கடற்காற்று நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்துவிடும் நாளில் செடி அவ்வளவு வாடாது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசிக் கடற்காற்றைத் தடுக்கும் நாளில்தான் சென்னையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. அன்று மாலையும் ஊற்றுவது அவசியம்.

தக்காளியைப் பொறுத்தவரை, இரவிலும் வெக்கை தணியாத இந்த மாதங்களில் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிர்வது இயல்பு. அதற்காக உரத்தைக் கூட்டாதீர்கள். வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் இந்த வெயிலைத் தாங்கும். கோடையில் அவற்றை நம்புவதே நல்லது.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீர் கோடையில் உப்புக் கரிக்கிறது. ரோஜாவின் இலை நுனிகள் கருகுகின்றன, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை ஊற்றலாமா?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: ஆர்.ஓ. கழிவு நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றவே வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

மழை இல்லாத மாதங்களில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறுகிறது. நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடுவதால், மே மாதத்துக்குள் தொட்டி மண்ணில் பல மாத உப்பு தங்கியிருக்கும். நீங்கள் சொல்லும் வெள்ளைப் படிவம் அதுதான். மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. இலையின் நுனியும் ஓரமும் முதலில் கருகும்.

மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அடித்துளை வழியே வடிய விடுங்கள். வடிந்த நீர் தட்டில் தேங்கி நிற்கக் கூடாது. உப்பு நீரை இலையில் தெளிப்பதையும், கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றி மேலாக மட்டும் நனைப்பதையும் நிறுத்துங்கள். இரண்டுமே உப்பை அங்கேயே சேர்த்து வைக்கும். இரவெல்லாம் ஓடும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதை ஒரு வாளியில் பிடித்து ரோஜாவுக்கென ஒதுக்கிவிடலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரும் உப்பு போடாதவரை உதவும். ரோஜாவுக்கும் பீன்ஸுக்கும் உப்பு ஆகவே ஆகாது. அரளி, காகிதப்பூ, சப்போட்டா ஆகியவை ஓரளவு தாங்கும்.

கேள்வி: மல்லிகையை வெயிலிலிருந்து காக்க நிழல்வலைக்கு அடியில் வைத்தேன். தழைக்கிறது, மொட்டு வரவில்லை.
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: வெளியே எடுத்து வையுங்கள். மல்லிகைக்கு நேரடி வெயில் வேண்டும். வேரை மட்டும் மூடாக்கு போட்டுக் குளிர்ச்சியாக வைத்தால் போதும். பூக்கும் காலம் முடிவதற்குள் ஒரு சுற்றாவது மொட்டு வர வாய்ப்புண்டு. கிளைகளைப் பலமாக வெட்டிவிடும் கவாத்தை இப்போது செய்யாமல் நவம்பர் கடைசியில் செய்யுங்கள்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் தெளித்தேன், இலைகள் கருகிவிட்டன.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: வெயில் இருக்கும்போது தெளித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் படிந்த இலை சூட்டில் வெந்துபோகும். முதலில் கணுக்களிலும் இலையின் அடியிலும் பஞ்சு போல ஒட்டியிருப்பதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிகவும் அப்பியிருக்கும் கிளை நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், அது நீரில் கலக்கும் அளவுக்குச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கின்றன. எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் பூச்சி திரும்பி வரும்.

கேள்வி: அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வலையைக் கழற்றிவிட்டுப் புதிதாக விதைக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பஞ்சாங்கத்தில் முடிந்தாலும் சென்னை வெயில் உடனே முடிவதில்லை. 2003-ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது மே 31-ஆம் தேதி. அப்போது அக்னி நட்சத்திரம் கடந்திருந்தது. ஜூன் மாதமும் கடுமையாகத்தான் இருக்கும். மாலை இடிமழை அடிக்கடி வரத் தொடங்கிய பிறகு, முதலில் காலை நேரத்தில் மட்டும் வலையை விலக்கிச் செடிகளைப் பழக்குங்கள்.

விதைப்புக்கு ஆடிப்பட்டமே ஏற்றது. கத்தரி, மிளகாய் நாற்றுகள் நடும் நிலைக்கு வர நான்கைந்து வாரம் ஆகும் என்பதால், ஜூன் நடுவில் குழித்தட்டில் விதைத்து நிழலில் வைத்தால் ஆடியில் எடுத்து நடலாம். அதுவரை காலியாக இருக்கும் பைகளின் மண்ணைக் கொட்டி உலர்த்தி, பழைய வேர்களைப் பொறுக்கி நீக்கி, மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, லேசான ஈரத்துடன் நிழலில் மூடி வையுங்கள்.