பூட்டும் ராக்கையை உடுப்பு அலுமாரியாக்கினால் ஆடாமல் நிற்குமா?

கிளிநொச்சியில் வாடகை வீடு, துண்டு துண்டாகப் பூட்டும் இரும்பு ராக்கை, உடுப்புக் கொழுவினால் பக்கவாட்டில் சாய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும், ஆனால் முதுகு கொடுக்க வேண்டும். நாலு மூலையும் நட்டில் மட்டும் நின்றால், எவ்வளவு இறுக்கினாலும் சட்டம் சரியத்தான் செய்யும். பின்பக்கம் முழுவதும் 4 மில்லிமீற்றர் பிளைவூட் அடியுங்கள். அடிக்கமுதல் ஒரு நூலால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால்தான் சட்டம் நேர். பிறகு சுற்றிவர 15 சென்ரிமீற்றருக்கு ஒரு திருகாணி. இதைச் செய்ததும் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும்.

கொழுவும் குழாயைத் தட்டில் தொங்கவிடாதீர்கள், இரண்டு பக்க நிலைக்கால்களிலும் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். பாரமான பெட்டிகள் அடித்தட்டுக்கு.

அப்புறம் மேல்பக்கத்தைக் கட்டாயம் சுவரோடு பிடியுங்கள், பிள்ளைகள் ஏறி விளையாடுகிற வீடென்றால் இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். துளைபோட வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேளுங்கள். பொள்ளல் சீமெந்துக் கல்லில் சாதாரண றோல் பிளக் (திருகாணி பிடிக்கத் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் செருகி) கழன்று வரும். கல்லின் கெட்டியான இடம் பார்த்துத் துளையுங்கள்.

நம் வன்னியில் கறையானையும் மறக்கக்கூடாது. பிளைவூட் நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.