ஆகா ஓகோவா, குப்பையா?

கேள்வி: ஒரே கேமை ஒருவர் ஆகா ஓகோ என்கிறார், இன்னொருவர் குப்பை என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும்தான்! 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077'-ஐ எடுங்கள். முன்கூட்டியே விமர்சகர்கள் கைக்குப் போனது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும், பாராட்டு குவிந்தது. சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 4-இல் போட்டவர்களுக்கோ திக்கித் திணறியது. ஒரு வாரம் சொச்சத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. திரும்ப வந்தது அடுத்த ஜூனில். கதையும் நகரமும் என் கண்ணுக்குப் பிரமாதம். கேமில் வரும் போலீஸ்தான் முதுகுக்குப் பின்னால் திடீரென முளைக்கும் (சிரிப்புப் போலீஸ்!). அதையும் 2023-இல் வந்த 2.0 அப்டேட் மாற்றியது. எந்த மெஷினில், எந்த அப்டேட்டில் ஆடினார் என்று சொல்லாமல் பத்துக்கு ஏழு மார்க் போடுகிற விமர்சகரை நான் படிப்பதே இல்லை.