ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும்

கேள்வி: நம் கால்பந்தின் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மூடிய லீக்காக, அதாவது அணிகள் ஏறவோ இறங்கவோ வழியில்லாத லீக்காகத் தொடங்கியது. அமெரிக்காவின் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். போல அதையும் கிழக்கு, மேற்கு என்று பிரித்தால் ஆட்டம் சூடுபிடிக்குமா? மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று வந்தால் முதலாளிகள் ஓடிவிட மாட்டார்களா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கிழக்கு, மேற்கு நமக்கு வேண்டாம். எம்.எல்.எஸ்.ஸில் 30 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடினால் ஆளுக்கு 58 ஆட்டம், ஆண்டு போதாது. ஐ.எஸ்.எல்.லில் 2024-25இல் இருந்தவை 13 அணிகள், 24 ஆட்டங்கள். இதைப் பிரித்து என்ன மிச்சம்?

வேண்டியது படிக்கட்டு: ஜெயித்த அணி மேல் லீக்குக்கு ஏற, தோற்ற அணி கீழே இறங்க. 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். ஐ.எஸ்.எல்.லுக்கு வெளியே நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி தொடக்கத்திலேயே கோல் வாங்கிவிட்டது. கோழிக்கோட்டில் அதே நேரம், கோப்பைக்குப் போட்டியாக இருந்த ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கண் மைதானத்தில், மறு கண் போனில். இரண்டாம் பாதியில் சென்னை சிட்டி மூன்று கோல் போட்டது. கௌரவ் போரா ஒரு டிஃபெண்டர். அன்று இரண்டு கோல் அவருடையது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கோவைக்குக் கோப்பை வந்தது. அப்புறம்? ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. கோகுலம் கேரளா 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக்கை ஜெயித்தது. அதற்கும் திறக்கவில்லை. 2023இல் ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப் அணிக்குத்தான் முதலில் திறந்தது.

சரி, ஏற வழி வந்தது. இறங்க? 2023-24இல் ஹைதராபாத் 22 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. கடைசி இடம். அடுத்த சீசனும் அதே லீக்கில்தான் ஆடியது. அந்த வீரர்களைக் குறை சொல்லவில்லை, அன்றைய விதி அப்படி. ஆனால் டிக்கெட் வாங்கியவன் பிப்ரவரி, மார்ச்சில் எதற்காக மைதானத்துக்கு வர வேண்டும்? உங்கள் பக்கத்துச் செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தில், தோற்ற அணி அன்றிரவே ஊர் திரும்ப ஜீப் ஏறுகிறது. அதனால்தான் கமுகுத் தடி கேலரியில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஒருவரும் எழுந்து போவதில்லை.

முதலாளிகளின் பயம் நியாயமானது. பணம் போட்டவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் அணிக்கு மூன்று ஆண்டு வரை பணம் கொடுத்துத் தாங்குகிறார்கள். இங்கேயும் டிவி வருமானத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஓர் அணி ஏறட்டும், ஓர் அணி இறங்கட்டும். அந்த விதியை முதல் விசில் அடிக்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும், சீசன் நடுவில் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.