வால்வு ரேடியோ அலைன்மென்ட்டுக்கு எந்தக் கருவி?

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோவில் கண்டென்சர்களை மாற்றிவிட்டேன். ஆனாலும் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் மங்கலாகத்தான் கேட்கின்றன, டயல் எண்ணும் தள்ளி நிற்கிறது. அலைன் செய்ய, அதாவது உள்ளே இருக்கும் டியூனிங் சுற்றுகளைச் சரியான அலைவரிசைக்குத் திருப்பி வைக்க, ஆஸிலாஸ்கோப் (சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை ஆர்.எஃப். சிக்னல் ஜெனரேட்டரில் (ரேடியோ அலைவரிசையில் சோதனை சிக்னல் தரும் கருவி) போடுங்கள். ஏ.எம். மாடுலேஷன் (சிக்னலில் ஒலியை ஏற்றும் வசதி) இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, அவுட்புட்டை மைக்ரோவோல்ட் அளவுவரை குறைக்க முடிய வேண்டும். சிக்னல் பலமாகப் போனால் ரேடியோவின் ஏ.வி.சி. (ஒலியளவைத் தானாகச் சீராக்கும் சுற்று) ஒலியை ஒரே மட்டத்தில் பிடித்து வைத்துவிடும், நீங்கள் ஐ.எஃப். கோரை (எல்லா ஸ்டேஷனையும் ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசைக்கான சுருளில் திருகும் பகுதி) எவ்வளவு திருப்பினாலும் உச்சம் எங்கே என்று தெரியாது. பழைய அனலாக் ஜெனரேட்டர் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதன் டயலை நம்பாமல் கூடவே அலைவரிசையை அளந்து காட்டும் ஒரு ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் வையுங்கள்.

உச்சத்தைப் பார்க்க மீட்டர்? கையில் இருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும், ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் மாட்டுங்கள்.

ஐ.எஃப். பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். சில ஐரோப்பிய செட்டுகளில் 470, அதனால் சர்வீஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் டயலில் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பேடர் (கீழ்முனையைச் சரிசெய்யும் திருகு), 1400 பக்கம் டிரிம்மர் (மேல்முனையைச் சரிசெய்யும் திருகு), இரண்டும் ஒத்துவரும்வரை மாறி மாறி. உலோக ஸ்குரூ டிரைவர் கூடாது, பிளாஸ்டிக் அலைன்மென்ட் டூல்தான்.

உங்கள் செட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. வகையாக இருந்தால் சேஸிஸிலேயே (உள்ளே பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் கரண்ட் இருக்கும். ரேடியோவை மெயின்ஸ் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்கவே இணைக்காதீர்கள்.