டர்பனில் உப்புநீர் மீன்தொட்டிக்கு ரெஃப்யூஜியம் வைக்கலாமா? கரண்ட் போனால் தாங்குமா? வைத்த பிறகு ஸ்கிம்மரை (நுரையால் கழிவை அகற்றும் கருவி) கழற்றலாமா?

தாராளமாக வைக்கலாம். ரெஃப்யூஜியம் என்பது பாசி வளர்த்துத் தண்ணீரைச் சுத்தமாக்கும் தனித் தடுப்பு. என் வீட்டில் தொட்டிக்கு அடியிலுள்ள சம்ப்பிலேயே (வடிகட்டும் கீழ்த்தொட்டி) ஒரு தடுப்பு ஒதுக்கிப் பாசி வளர்க்கிறேன். பாசி வளர்ப்பது பெரிய வித்தையில்லை. கரண்ட் போகிற நேரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அந்த மட்டம் வரை இழுத்துக் கொட்டிவிடும். குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வையுங்கள். பாசி போடும் முன்பே பம்பை நிறுத்திப் பாருங்கள். எல்லாம் இறங்கிய பிறகும் சம்ப்பில் இடம் மிஞ்ச வேண்டும்.

அப்புறம் விளக்கு. மேல்விளக்கு அணைந்த பிறகு ரெஃப்யூஜியம் விளக்கு எரிய வேண்டும். இருட்டில் தொட்டியில் கரியமில வாயு கூடி பிஎச் இறங்கும். அந்நேரம் வெளிச்சத்தில் இருக்கும் பாசி அதை உறிஞ்சி, இறக்கத்தைத் தணிக்கும். இங்கேதான் சக்கரம் சுற்றும் மலிவு டைமர் காலை வாரிவிடும். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் அதுவும் நின்றுவிடுவதால், நாலைந்து முறை போய் வந்தால் ராத்திரி விளக்கு பட்டப்பகலில் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். 2024க்குப் பிறகு லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வெகுவாகக் குறைந்தது உண்மைதான், ஆனால் கேபிள் திருட்டு ஓய்ந்தபாடில்லையே! விளக்கில்லாதபோது பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். மேல்தொட்டிக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

பாசியில் கீட்டோதான் என் தேர்வு. நூடுல்ஸ் சிக்கல் போல உருண்டு கிடக்கும், வேர் விடாது. கோலெர்பா அழகுதான், ஆனால் சில சமயம் திடீரென்று இனப்பெருக்கத்துக்குப் போய் வெளுத்துக் கரைந்து, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடும். கடற்கரைப் பாறையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிடுங்கி வராதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி நம் கடற்கரைகளை மூடியது நினைவிருக்கும். பெருமழைக்குப் பின் அந்தத் தண்ணீரை நான் நம்புவதில்லை. தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கினால் போதும். மீன்களுக்கு இரையாகும் கோப்பிபாட் என்ற குட்டி ஓட்டுயிர்களும் கூடவே வந்துவிடும். பாசி பம்புக்குள் போகாமல் வலை கட்டுங்கள்.

வளர்ந்ததை அவ்வப்போது அள்ளி வெளியே போட வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டு வெளியேறுவது அப்போதுதான். ஆனால் இரண்டும் சுத்தமாகப் பூஜ்யமானால் கீட்டோவே பட்டினியில் செத்துவிடும். புதுத் தொட்டி என்றால் நைட்ரேட் தலைகாட்டும் வரை பொறுங்கள்.

ஸ்கிம்மரைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஓடட்டும். நம் ஊர் ஜனவரி வெக்கையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும்போது அது கலக்கும் காற்று தேவைப்படும்.