ஊரடங்குக் குட்டி – கடிதம்

வணக்கம் சார்,

சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் ஸ்டோர் வீட்டில் இருக்கிறோம். 2020 மே மாதக் கடைசியில் எங்கள் தெருவைத் தகரம் அடித்து மூடியபோது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு குட்டியை அப்பா தூக்கி வந்தார். ஒன்றரை மாதக் குட்டி இருக்கும். ஜிம்மி என்று பெயர் வைத்தோம். எங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டுகூட அதற்கு வைத்தோம். இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. வெளியாள் யார் வந்தாலும் குரைத்துத் தீர்க்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசலுக்கே வரமாட்டேன் என்கிறார். தனியாக விட்டால் கதவைப் பிராண்டுகிறது. கல்யாணமாகி வந்த அண்ணியைச் சேர்த்துக்கொள்ளவே அதற்கு எட்டு மாதம் ஆனது. அண்ணிக்கு இப்போது ஏழாவது மாதம். குழந்தை பிறப்பதற்குள் நாயை எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறான் அண்ணன். இவ்வளவு பாசமாக வளர்த்தும் ஏன் இப்படி ஆயிற்று?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணூர் யோசனையை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எல்லை இருக்கிறது. ஐந்து வருஷம் வீட்டுச் சோறு தின்ற நாய் அங்கே இறங்கினால் முதல் நாள் ராத்திரியே கடிபடும். பசியும் தாகமுமாகத் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் அண்ணன் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, முதல் குழந்தை வரப்போகிற பயத்தில் பேசுகிறார். காப்பகமும் இதற்கு விடையாகாது. அவை நிரம்பி வழிகின்றன. ஆளைக் கண்டால் குரைக்கிற வளர்ந்த நாட்டு நாயை அங்கிருந்து யாரும் தத்தெடுத்துப் போவதில்லை.

இனி உங்கள் கேள்வி. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அந்த நாட்களில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் சகஜம் என்று அதன் மண்டையில் பதிகிறது. பார்க்காதவை பின்னாளில் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடுகின்றன. சாதாரண வருஷத்தில் கல்மண்டபத்துக் குட்டிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் கூடைக்காரம்மா, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தேர்தல் மைக், சாவு மேளம் எல்லாவற்றையும் அது பத்தே நாளில் பார்த்து முடித்திருக்கும். தெருவே வளர்த்துவிடும்.

ஜிம்மிக்கு அந்தப் பருவத்தின் பெரும்பகுதி மேக் கடைசியிலிருந்து ஜூலை வரை. சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் அப்போது தொற்று அதிகம். ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வேறு. அந்த நாட்களில் அது கண்ட வெளியாட்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் கணக்கெடுக்க முகக்கவசத்தோடு வந்து, நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டியவர்கள். முதுகில் டேங்க் கட்டி மருந்து அடித்தவர்கள். அப்புறம் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டு, பக்கத்து வீட்டில் யாரையோ ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனவர்கள். அவர்கள் வந்தபோதெல்லாம் உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றிருக்கும், அம்மாவின் கை நடுங்கியிருக்கும். மனிதர் பயப்படுவது நாய்க்குச் சட்டென்று தெரிந்துவிடும். வாசலில் வருகிற ஆள் என்றால் ஆபத்து என்று அது எடுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

நீங்கள் கொடுத்த சோறும் பாசமும் வீணாகவில்லை. அந்தக் கோடையில் ஒரு குட்டியை உயிரோடு காப்பாற்றியதே பெரிய வேலை. மீன்பிடித் தடைக்காலமும் ஊரடங்கும் சேர்ந்துகொண்டதில் காசிமேட்டிலிருந்து மீன் தலை வருவதுகூட அருகிப்போயிருந்தது. பல குடித்தனத்துக்கு ஒரே மொட்டைமாடி இருக்கிற ஸ்டோரில், விடியுமுன்பே குட்டியைத் தூக்கிப்போய் மூத்திரம் போகவைத்து, யாரும் எழுவதற்குள் கழுவிவிட்டு இறங்கியவர்களை எனக்குத் தெரியும். கீழே இறக்கினால் பிளீச்சிங் பவுடர் பட்டுப் பாதம் சிவந்துவிடும். சானிடைசரால் நாயின் காலைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். நக்கினால் அந்த ஆல்கஹால் வயிற்றுக்குத்தான் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தடுப்பூசி வேறு. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் ஆறு, எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்துக்கு மேல் வெறிநாய்க்கடி ஊசி. பார்வோ வந்த குட்டி ரத்தமாக வயிற்றாலே போய் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடலாம். அதனால் ஊசி முடியும்வரை தெருவில் விடாதீர்கள், ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு இடம் காட்டுங்கள் என்பார்கள் விவரம் தெரிந்த டாக்டர்கள். ஜூன் மாதம் கடைக்குப் போவதே இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு. வேப்பேரி கால்நடை மருத்துவமனை உங்களுக்கு அதைவிடத் தூரம். மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டுதான், துணிப்பையில் நாய்க்குட்டியோடு போலீஸ் தடுப்பில் நின்று அதை விளக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நாலு இடம் காட்டு என்றால் காட்டுவதற்கு இடமே இல்லாத காலம் அது.

நாயால் கொரோனா வரும் என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2020இல் ஹாங்காங்கில் ஒரு வயதான பொமரேனியனுக்குத் தொற்று தெரிந்தது, அதை வளர்த்தவருக்கு முன்பே வந்திருந்தது. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்கு வந்து நீலா என்ற பெண் சிங்கம் இறந்தபோது இங்கே மறுபடி பீதி. மனிதரிடமிருந்து அவற்றுக்குப் போனதைத் திருப்பிப் போட்டுப் பேசி, எத்தனையோ வீட்டு நாய்களைத் தெருவில் விட்டார்கள். உங்கள் அப்பா அப்போதும் விடவில்லை. அண்ணனுக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அண்ணியைச் சேர்த்துக்கொள்ள எட்டு மாதம் ஆனது என்கிறீர்கள். அதாவது சேர்த்துக்கொண்டது! கற்றுக்கொள்ளும் வயது போய்விட்ட நாய் என்றால் அது நடந்திருக்காது. அண்ணி என்ன செய்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுமே செய்திருக்க மாட்டார். முகத்தை உற்றுப் பார்க்காமல், கூப்பிடாமல், கையை நீட்டாமல் தன் வேலையைப் பார்த்திருப்பார், தட்டில் சோறு வைத்திருப்பார். இதையே மற்றவர்களுக்கும் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஜிம்மி பார்த்தும் குரைக்காமல் நிற்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஆள் கண்ணில் படும்போதெல்லாம் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. ஆள் போனதும் அதுவும் நின்றுவிட வேண்டும். தூரத்தை வாரக்கணக்கில் குறைக்கலாம், அவசரம் வேண்டாம். குரைத்தால் அடிக்காதீர்கள். ஆள் வந்தால் அடியும் விழும் என்று ஒன்று கூடுதலாகப் பதியும், அவ்வளவுதான்.

தனியாக விடுவதும் இப்படித்தான். எல்லாரும் வீட்டிலேயே இருந்த மாதங்களில் வளர்ந்த நாய்க்குப் பூட்டின கதவு புரியாது. ஒரு நிமிஷம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு மூன்று, பிறகு பத்து. போகும்போது கொஞ்சுவதும் வரும்போது கட்டிக்கொள்வதும் வேண்டாம். இது அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும்.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நாயும் குழந்தையும் ஒரே அறையில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். ஒற்றை அறை வீட்டில் அது சிரமம் என்று தெரியும். குறுக்கே ஒரு மரத்தட்டி வைத்து, ஜிம்மிக்கு அந்தப் பக்கம் ஒரு கோணியை இப்போதே போட்டுப் பழக்குங்கள். குழந்தை வந்த அன்று ஆரம்பித்தால், அந்தக் குழந்தையால்தான் தன்னை ஒதுக்கினார்கள் என்று ஆகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை முன்னாலேயே கொண்டுவந்து மோந்து பார்க்க விடுங்கள். வாய்மூடி போட்டுக்கொள்ளவும் பழக்கலாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை மாதிரியானதாக வாங்குங்கள்.

அதற்கு முன் ஒருமுறை வேப்பேரிக்குக் கூட்டிப்போய்க் காதையும் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருக்கிற நாயும் சிடுசிடுக்கும். கருத்தடை செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள். 2025இல் மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கிவிட்டது, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். இதற்கு உங்களுக்குப் புளியந்தோப்பு மையம் பக்கம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஷேர் ஆட்டோ வேண்டாம், தனி ஆட்டோவில் போங்கள். அண்ணனையும் உடன் கூட்டிப்போங்கள், உரிமத்தை அவர் பெயரிலேயே எடுங்கள்.